இளையபெருமாளின் ராசி

"யார் வந்து கேட்டாலும் எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டு இளையபெருமாள் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.

கையில் கரண்டியோடு நின்ற ரெங்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இப்பத்தானங்க இன்னும் ரெண்டு இட்லி வைன்னு தட்டை நீட்டினீங்க?"

"காய்ச்சக்காரனுக்கு இட்லிதான குடுப்பாங்க."

"கறிக்குழம்பு ஊத்தியா?"

போர்வைக்குள்ளிருந்து ஓர் இருமல் மட்டும் வந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு உள்விளையாட்டரங்கில் வெண்ணாறு வாரியர்ஸ் அணியின் கூடைப்பந்தாட்டம். தஞ்சாவூரில் வாரியர்ஸ் ஆடும்போது இளையபெருமாள் வீட்டில் படுத்திருக்கிறார் என்று யாராவது சொன்னால், பெரிய கோயில் நந்தி எழுந்து புல் மேயப் போயிருக்கிறது என்று சொன்ன மாதிரிதான் ஊர் சிரிக்கும்.

இளையபெருமாள் திருவையாறு போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மாநிலத்தில் கூடைப்பந்து லீக் ஆரம்பித்தபோது ஓர் அரிசி ஆலை முதலாளி ஆசைப்பட்டுத் தஞ்சாவூருக்கும் ஓர் அணியை உண்டாக்கினார். நெற்பயிர்ப் பச்சையில் சட்டை, நெஞ்சில் வாள் பிடித்த வீரன் படம், எல்லாம் பிரமாதம். ஆட்டம்தான் சரியில்லை. "எதிராளிக்குப் பாயிண்ட்டை வாரி வாரிக் குடுக்கிறாங்கல்ல, அதான் வாரியர்ஸ்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முதல் வருடம் நிரம்பிய அரங்கில் இப்போது ஃபேன் காற்றுக்காக வந்து உட்காருகிறவர்கள்தான் பாதி.

இளையபெருமாள் மட்டும் அசையவில்லை. டூட்டிக்குப் போகுமுன் காலைப் பயிற்சியைப் பார்த்துவிட்டுத்தான் போவார். எந்த ஆட்டக்காரன் எப்போது எந்தப் பக்கம் ஓடுவான் என்பது கோச்சைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வெளியூரில் ஆட்டம் என்றால் லீவு போட்டுவிட்டுப் போய், அங்கேயும் வாரியர்ஸ் பெஞ்சுக்குப் பின்னாலேயே நின்றுகொள்வார். குரலோ கண்டக்டர் குரல். கரந்தை வருவதற்கு முன்பே "கரந்தை எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்று கூவிப் பழகிய தொண்டை, அங்கேயும் சும்மா இருக்காது. "பரிதி, நேராப் போவாத! மாறன் வலது மூலைக்கு வர்றான் பாரு, அவன்கிட்டப் போடு!" என்று அவர் கத்தினால் கூரைப் புறாக்கள் எழுந்து பறக்கும்.

அப்படிப்பட்ட மனிதர் காய்ச்சல் என்று படுத்ததற்குக் காரணம் சைபுல்லா.

சைபுல்லா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர், வாரியர்ஸ் ரசிகர் சங்கத்தின் செயலாளர். அந்த வாரம் டீக்கடையில் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே, "இந்த சீசன்ல நாம ஜெயிச்சது ஒரே ஒரு ஆட்டம். யோசிச்சுப் பாத்தா அன்னைக்கு மட்டும்தாண்ணே நீங்க வரல" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் சட்னியைத் தொட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கேட்டவருடைய டீதான் ஆறிப்போனது.

உண்மைதான். அன்றைக்கு அவர் குடவாசல் பக்கம் மச்சினன் வீரையன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். அவர் மொய் எழுதிக்கொண்டிருந்தபோது வாரியர்ஸ் ஜெயித்துவிட்டது.

அப்படியானால் தான்தான் பீடையா? இரண்டு நாளாக டிக்கெட் கிழிக்கும்போதும் அதே யோசனை. போதாக்குறைக்கு முதலாளி வேறு, சீசனின் கடைசி ஆட்டமான ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் தோற்றால் அணியை வேறு ஊருக்கு விற்றுவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். பரிதி வேற்றூர்ச் சட்டையில் ஆடுவதை இளையபெருமாளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. உயிராக நினைக்கும் அணிக்குத் தன்னால் செய்யக்கூடிய ஒரே உதவி, போகாமல் இருப்பது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ரெங்கம்மாளிடம் சொன்னால் தெருவே சிரிக்கும். ஆகவே காய்ச்சல்.

பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

சைபுல்லா வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து கேப்டன் பரிதி வந்தான். கூடவே மருந்துப் பையோடு அணியின் பிசியோ.

"அவருக்குக் காய்ச்சல் தம்பி" என்றாள் ரெங்கம்மாள், சொன்ன சொல் தவறாமல். "காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல."

பிசியோ தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். உதறிவிட்டு மறுபடி வைத்தார்.

"நார்மலா இருக்கே சார்?"

"இது உள்காய்ச்சல் தம்பி. வெளிய காட்டாது."

"எந்தக் காய்ச்சலா இருந்தாலும் இன்னைக்கு நீங்க வந்தே ஆகணும்ணே" என்றார் சைபுல்லா. "சங்கத்து சார்பா உங்களுக்குப் பொன்னாடை. ஓனர் கையால போத்தச் சொல்லியிருக்கோம். சர்ப்ரைஸா வச்சிருந்தேன், நீங்க படுத்துட்டீங்க."

"நீங்க பின்னாடி நின்னு கத்தினாத்தாண்ணே எங்களுக்கு ஆடுற மாதிரியே இருக்கும்" என்றான் பரிதி.

இளையபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், பிள்ளைக்கு விஷயம் தெரியவில்லை. "இல்லப்பா, எந்திரிக்கவே முடியல" என்று முனகினார்.

"எந்திரிக்க வேணாம்ணே" என்ற பரிதி, போர்வையோடு சேர்த்து அவரை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கார் வெளிய நிக்குது, அப்படியே பின் சீட்டுல படுக்க வச்சிரு" என்று சைபுல்லா செருப்பை மாட்டினார்.

தலைகீழாகத் தொங்கிய இளையபெருமாளுக்கு நிலைப்படி நெருங்குவது தெரிந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"விடுப்பா, எறக்கி விடு! எனக்குக் காய்ச்சலே இல்ல! குடவாசல்ல என் மச்சினன் வீரையனுக்கு ரொம்ப சீரியஸ். இப்பத்தான் போன் வந்துச்சு. ரெங்கத்துக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாளேன்னுதான் காய்ச்சல்னு படுத்தேன்!"

அடுப்படியில் குழம்புச் சட்டி விழும் சத்தம் கேட்டது.

"அய்யோ எந்தம்பி!"

பரிதி அவரை மெதுவாக இறக்கி நிற்கவைத்தான். சைபுல்லாவின் முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு பெரிய கஷ்டத்தை மனசுல வச்சிக்கிட்டா படுத்திருந்தீங்க? நம்ம காரை எடுத்துக்கங்கண்ணே. டிரைவர் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவான். பொன்னாடை கெடக்குது, மொதல்ல உசுரு."

ரெங்கம்மாள் கார் ஏறியதிலிருந்து அழுகையை நிறுத்தவில்லை. சின்ன வயதில் வீரையன் குளத்தில் முழுகப் பார்த்ததிலிருந்து போன தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொடுத்தது வரை சொல்லிச் சொல்லி அழுதாள். முன்னால் டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். இளையபெருமாள் அவள் கையை அழுத்தினார். கண் ஜாடை காட்டினார். கண்ணீரில் அவளுக்கு ஜாடை தெரியவில்லை. கடைசியில் காதோரம் குனிந்து, டிரைவருக்குக் கேட்காமல், "பொய்யி... பொய்யிடி" என்றார்.

"போயிட்டானா!" என்று அலறினாள் ரெங்கம்மாள்.

டிரைவர் காரை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கிப் போய், மரத்தடியில் நின்று சைபுல்லாவுக்குப் போன் செய்தான். திரும்பி வந்தபோது அவன் கண்ணும் சிவந்திருந்தது.

கும்பகோணம் தாண்டுவதற்குள் ரசிகர் சங்க வாட்ஸப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன. 'நம் அண்ணன் இளையபெருமாள் அவர்களின் மைத்துனர் வீரையன் இயற்கை எய்தினார்.' அதை யாரோ பஸ் தொழிலாளர் குழுவுக்கும் தள்ளிவிட்டார்கள். இளையபெருமாள் பார்த்தார். இப்போது மறுத்து எழுதினால் காரைத் திருப்பச் சொல்வார்கள். ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஊர் எல்லையிலேயே காரை நிறுத்தச் சொன்னார். "நீங்க கிளம்புங்க தம்பி, மேட்ச்சுக்கு நேரமாயிரும். இனிமே நடந்துக்குவோம்." டிரைவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

கார் வளைவில் மறைந்தது. ரோட்டோரத்து வயலில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுப்பு மிஷினுக்கு முன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள், "வரப்பைக் கடிக்காம ஓட்டுய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ரெங்கம்மாளின் அழுகை பாதியில் நின்றது.

"வீரையா?"

"வா அக்கா! என்ன, சொல்லாம கொள்ளாம? ஏன் கண்ணெல்லாம் வீங்கியிருக்கு?"

அவள் சேற்றையும் அறுத்த தாளையும் பார்க்காமல் ஓடிப்போய்த் தம்பியின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வைக்குப் பரிதி தோளில் தலைகீழாகத் தொங்கியதே மேல் என்று இளையபெருமாளுக்குத் தோன்றியது. வேறு வழியில்லாமல் பஜ்ஜியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அப்ப நான் செத்துட்டேனா?" என்றார் வீரையன்.

"வாட்ஸப்புல மட்டும்தான் மாப்ள."

"என்னையக் கொன்னுதான் உங்க டீம் ஜெயிக்கணுமா மச்சான்? மொதல்ல போனைப் போட்டு நான் உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க."

"சொன்னா அந்த சைபுல்லா காரைத் திருப்பி அனுப்பிருவான். பொன்னாடை போத்தாம விட மாட்டான். சாயங்காலம் வரைக்கும் செத்தே இரு மாப்ள. மேட்ச் முடிஞ்சதும் நானே எழுப்பி விட்டுர்றேன்."

வீரையன் பதில் சொல்வதற்குள் ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. பஸ்ஸிலிருந்து டிரைவரும் கண்டக்டரும் பெரிய ரோஜா மாலையோடு இறங்கினார்கள். பயணிகள் ஜன்னல் வழியாகத் துக்கமாக எட்டிப் பார்த்தார்கள். இளையபெருமாள் ரெங்கம்மாளையும் இழுத்துக்கொண்டு வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"அண்ணே, இங்க வீரையன் வீடு எதுங்க?" என்று கண்டக்டர் வீரையனிடமே கேட்டார்.

வீரையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது உள்ள தள்ளி இருக்குங்க."

"நல்ல மனுசராம்ல?"

"ஆமாங்க, ரொம்ப நல்ல மனுசன்" என்றார் வீரையன், மனதாரவே.

"எப்ப எடுக்குறாங்க?"

"அறுப்பு முடியட்டும்னு இருக்காங்க. நீங்க பயணிகளை வச்சிக்கிட்டு எதுக்கு நிக்கிறீங்க? மாலையைக் குடுங்க, நானே அவருக்குப் போட்டுர்றேன்."

பஸ் போனதும் மாலையை முகர்ந்து பார்த்தார். நல்ல மாலை. வீணாக்க மனமில்லாமல் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு அறுப்பு மிஷின் டிரைவர் நிழலில் உட்கார்ந்து செல்போனில் ஆட்டத்தைப் போட்டான். பெரிய விளையாட்டு ரசிகன் அவன். வீரையன் எட்டிப் பார்த்தார். வாரியர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் கையில் கறுப்பு ரிப்பன் கட்டி வரிசையாகத் தலைகுனிந்து நின்றார்கள். அரங்கமே எழுந்து நின்றது. மைக்கில் சைபுல்லாவின் தழுதழுத்த குரல்: "நமது மூத்த ரசிகர் இளையபெருமாள் அவர்களின் மைத்துனர், அமரர் வீரையன் அவர்களுக்காக ஒரு நிமிடம் மௌன அஞ்சலி..."

வீரையன் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எனக்கா எந்திரிச்சு நிக்கிறாங்க? அக்கா, இங்க வந்து பாரு! எதிர் டீம்காரன்கூட நிக்கிறான்க்கா! நம்ம ஊர்க் கூட்டத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டதில்ல!"

மிஷின் டிரைவர் போனையும் மாலை போட்ட வீரையனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

இளையபெருமாள் அங்கே நிற்கவில்லை. போனில் பார்த்தாலும் பீடை பீடைதானே? வயலின் அந்தக் கோடிக்குப் போய் வாய்க்கால் மதகின்மேல் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கொக்குகள் தாளில் பூச்சி பொறுக்கின. எதிலும் மனம் நிற்கவில்லை. இந்நேரம் மாறன் மூச்சு வாங்க ஆரம்பித்திருப்பான், அவனை உட்கார வைக்க வேண்டும். இந்நேரம் பரிதி கோபத்தில் ஃபவுல் பண்ணுவான், யாராவது அதட்ட வேண்டும். இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் கையால் பொத்திக்கொண்டார். மூன்று வருடத்தில் அவர் பார்க்காத இரண்டாவது ஆட்டம். பெற்ற பிள்ளையை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்பதுபோல இருந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. "மச்சான்!" என்ற கூச்சல் கேட்டுத் திரும்பினார். மாலை கழுத்தில் குதிக்க, வீரையன் வரப்பில் ஓடிவந்துகொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டோம் மச்சான்! நாகைக்காரனுவளப் பொளந்துட்டோம்! பந்து எங்க போவுதுன்னே அவனுவளுக்குப் புரியல. இங்க வரும்னு நிக்கிறான், அது அங்க போவுது! ஆட்டம் முடிஞ்சதும் அந்த ஒசரத் தம்பி மைக்கப் புடிச்சு, இந்த வெற்றி மறைந்த வீரையன் அண்ணனுக்குன்னு சொல்லிட்டான்!"

சொல்லிவிட்டு வீரையன் அழுதார். இளையபெருமாளும் அழுதார். இரண்டு பேரும் மதகில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து ரெங்கம்மாள்தான், "உசுரோட இருக்கிற ஆளுக்கு எத்தனை தடவைதான் அழுவீங்க, எந்திரிங்க" என்று அதட்டினாள்.

இளையபெருமாள் போனை உயிர்ப்பித்துச் சைபுல்லாவைக் கூப்பிட்டார். "சைபுல்லா, தப்பா நினைக்காத. வீரையன் பொழைச்சுக்கிட்டான்."

"அல்லாவோட கருணைண்ணே! டீம் ஜெயிச்ச நேரம் பாருங்க! ஓனரும் டீமை விக்க மாட்டேன்னுட்டாரு. அடுத்த சீசன் மொத ஆட்டத்துல உங்களுக்கும் பொன்னாடை, உங்க மச்சினருக்கும் பொன்னாடை."

இளையபெருமாளின் முகம் வாடிவிட்டது. "இனிமே நான் வர்றதா இல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூவரும் குடவாசலுக்கு வந்து, பஸ்ஸுக்காக டீக்கடையில் உட்கார்ந்தார்கள். வீரையன் வழியனுப்ப வந்திருந்தார், மாலையை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு.

"நெசமாவே போவ மாட்டீங்களா?" என்று கேட்டாள் ரெங்கம்மாள். அவள் குரலில் கோபம் போயிருந்தது.

"எப்படிப் போவேன்? நான் போகாத ரெண்டு ஆட்டமும் ஜெயிச்சிருக்கு. அந்தப் புள்ளைங்க நல்லா இருக்கணும்னா நான் எட்டவே இருக்கணும். அதான் என் ராசி."

"ராசியாவது மண்ணாவது. அதுங்க நல்லா ஆடுச்சு, ஜெயிச்சுது. நீங்க வீட்டுல போர்வையைப் போத்திக்கிட்டா அங்க பந்து தானா போய்க் கூடையில விழுந்துருமா? மூணு வருசமா ஊரே சிரிச்சப்ப நீங்க ஒருத்தர்தான் கூட நின்னீங்க. ஜெயிக்கிறப்ப நிக்க வேணாமா? அடுத்த வருசம் நானும் வர்றேன். பெஞ்சுக்குப் பின்னாடி நின்னு நல்லாக் கத்துங்க."

"நானும் வர்றேன் மச்சான்" என்றார் வீரையன். "எனக்குத் தெரிஞ்ச டீமு இப்ப அது."

இந்த மூன்று வருடத்தில் ரெங்கம்மாள் வாரியர்ஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. இளையபெருமாளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாற்போல இருந்தது. அவள் சொல்வதும் சரிதானே? ஆடுகிறவன் ஜெயிக்கிறான். பார்க்கிறவனுக்கு அதில் என்ன பங்கு? போன இரண்டும் ஏதோ தற்செயல். அடுத்த சீசனில் ஓர் ஆட்டம் விடக்கூடாது. தொண்டைக்கு இப்போதிருந்தே பனங்கற்கண்டு சாப்பிட வேண்டும்.

அப்போது நீல நிற பஸ் ஒன்று கடை முன்னால் நின்றது. பக்கவாட்டில் 'நாகை நங்கூரம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. உயரமான பிள்ளைகள் உள்ளே தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் மட்டும் இறங்கி வந்து ஒரு டீ சொன்னார். நாகூர்க்காரர், கடைக்காரருக்குத் தெரிந்தவர்.

"என்ன அஸார் பாய், இந்தப் பக்கம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பயந்துதான். ஏற்கெனவே மனசு சரியில்ல. அதுல வேற போய் எவன் நிக்கிறது?"

பஸ்காரருக்குப் பஸ்காரர் பேசாமல் இருக்க முடியுமா? இளையபெருமாள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். வாயெல்லாம் சிரிப்பு.

"உங்க டீமு நல்ல டீமாச்சே. தஞ்சாவூர்க்காரங்ககிட்ட எப்படித் தோத்தீங்க?"

அஸார் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அதையேன் கேக்குறீங்க! அவங்க பெஞ்சுக்குப் பின்னாடி எப்பவும் ஒரு மகராசன் நின்னு, யாரு எந்த மூலைக்கு ஓடப் போறான், பந்து யாருகிட்டப் போகப் போவுதுன்னு முன்கூட்டியே கத்திச் சொல்லிருவாராம். அவரு தொண்டையை நம்பித்தான் எல்லா ஊர் கோச்சும் அவங்ககூட ஆடவே எறங்குறது. இன்னைக்குன்னு பாத்து அந்த மனுசன் மச்சினன் செத்துட்டான்னு வரலையாம்!"